காஞ்சியில் பார்த்த பாசிப்பச்சை

காஞ்சிபுரம் போகிறேன் என்று சொன்னால் போதும், "என்ன விசேஷம், புடவையா?" என்றுதான் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். எனக்கும் புடவைதான் சாக்கு. சின்னப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பட்டு எடுக்கவேண்டியிருந்தது. ஆனால், சகோதரிகளே, திரும்பி வந்தபோது என் மனசில் நின்றது புடவை இல்லை, தண்ணீர்! அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. சென்னையில் நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் கீழே உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பிறகு மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து வெளியே விடுவார்கள். வாடை கிடையாது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். செடிகளுக்கும் கழிப்பறைத் தொட்டிகளுக்கும் போக நிறையவே மிஞ்சும். அந்த மிச்சத்தை வாசலில் இருக்கும் அலங்காரக் குளத்தில் நிரப்பினார்கள். நடுவில் ஒரு நீரூற்று. சாயங்காலம் குழந்தைகள் எல்லாம் அங்கேதான்.

மாசி மாதம் வெயில் ஏறியதும் நீரூற்றின் மோட்டார் ரிப்பேர். பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. என் ஆறு வயதுப் பேரன் அதில் காகிதக் கப்பல் விட்டு, கை கால் எல்லாம் நனைத்து, கப்பல் கவிழ்ந்தால் முழங்கை வரை விட்டு எடுத்து விளையாடியிருக்கிறான். ராத்திரி கையெல்லாம் தடிப்பு, கண் சிவப்பு. மறுநாள் வாந்தி. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "குழந்தை எங்கே விளையாடினான்?" என்பதுதான். "இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பச்சைத் தண்ணீர் பக்கம் விடாதீர்கள்" என்றார். மூன்று நாளில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் பயம் போகவில்லை.

இந்த நிலையில் சங்கக் கூட்டத்துக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் குளத்தையே பெரிதாக்கி, முழங்கால் ஆழத்தில் குழந்தைகள் தண்ணீர் விளையாடும் இடமாக்கலாமாம். மிதித்து ஓட்டும் சின்னப் படகுகள் இரண்டு விடலாமாம். சுத்திகரித்த நீரே இருக்கிறதே, லாரித் தண்ணீர்ச் செலவு மிச்சமாம்! "நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க ஆன்ட்டி" என்றார்கள். என்ன சொல்வது? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, குடத்தோடு லாரி பின்னால் ஓடியவர்கள் நாங்கள். தண்ணீரை வீணாக்கச் சொல்ல வாய் வருமா? வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் குழப்பத்தோடுதான் பங்குனியில் பேரனையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன்.

குளங்களின் ஊர்

நான் பிறந்தது சின்னக் காஞ்சிபுரத்தில். கோயில்களின் ஊர் என்பார்கள். எனக்கு அது குளங்களின் ஊர். வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ், ஏகாம்பரநாதர் கோயிலில் சிவகங்கை தீர்த்தம், காமாட்சியம்மன் கோயில் குளம், ஊரின் மேற்கே சுற்றிலும் சின்னச் சின்ன சிவன் கோயில்களோடு சர்வ தீர்த்தம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் குளத்தைக் குனிந்து பார்க்கவேண்டும், அப்போதுதான் காஞ்சி முழுசாகத் தெரியும்.

அனந்தசரஸுக்குள் அத்தி வரதர் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம்தான் வெளியே வருவார். 1979-ல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அப்போது எனக்குப் பத்து வயது. அடுத்து 2019-ல் ஜூலை முதல் தேதி தொடங்கி 48 நாள். முதல் 31 நாள் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். அப்போது என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பெருமாளை எடுக்கவேண்டுமானால் குளத்து நீரை இறைத்தாக வேண்டும், சேற்றை அள்ளியாக வேண்டும், திரும்ப எழுந்தருளச் செய்த பிறகு புதுத் தண்ணீர் வந்தாக வேண்டும். சின்ன வயதில் எனக்கு இது சாமி சமாசாரமாக மட்டும் தெரிந்தது. இப்போது இல்லத்தரசியாக யோசித்தால், எந்தப் பாத்திரத்தையும் எப்போதாவது ஒரு நாள் கவிழ்த்துத் தேய்க்கத்தானே வேண்டும் என்று தோன்றுகிறது. சேறு என்பது பாசிக்குச் சேமித்து வைத்த சாப்பாடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வரதரைச் சேவித்துவிட்டு வேறொரு கோயில் குளத்தங்கரைக்கு வந்தோம். எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. இந்தக் காட்சியை நீங்கள் எந்த ஊரிலும் பார்த்திருப்பீர்கள். படியில் பொரி விற்றுக்கொண்டிருந்தார்கள். பேரன் ஒரு பொட்டலம் வாங்கி மீனுக்குப் போட்டான். கொஞ்சத்தை மீன் தின்றது, மிச்சம் ஊறி மிதந்தது. ஓரத்தில் யாரோ விட்ட பூமாலை, அகல் எண்ணெய், ஒரு சோப்பு உறை. அந்த மூலையில் மட்டும் தண்ணீர் பச்சை பெயிண்ட் கொட்டினாற்போல ஆடை கட்டியிருந்தது. "பாட்டி, கால் நனைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு படி இறங்கிவிட்டான்.

"டேய், ஏறுடா மேலே!" என்று நான் போட்ட சத்தத்தில் பொரிக்கார அம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

தோழி சொன்ன பாடம்

பிள்ளையார்பாளையத்தில் என் பள்ளித் தோழி இருக்கிறாள். தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். அவள் புருஷன் முப்பது வருஷம் பட்டுக்குச் சாயம் போட்டவர். மாமியார் இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார். காபி கையில் வருவதற்குள் நான் குளத்துக் கதை, வீட்டுக் கதை இரண்டையும் கொட்டிவிட்டேன்.

"வாடி மாடிக்கு" என்று கூட்டிப் போனாள். குருவிக்கும் காக்காய்க்கும் இரண்டு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தாள். ஒன்று தெளிவு, ஒன்று கரும்பச்சை.

"ரெண்டும் ஒரே நாள்ல வெச்சதுதான். இதுல வெறும் தண்ணி. அதுல என் மருமக தெனமும் மீந்த சோத்தையும் போடறா. தண்ணிக்குச் சோறு போட்டா அது சும்மா இருக்குமாடி? இன்னாத்தையாவது வளத்துக்கிட்டுத்தான் இருக்கும்!"

கீழே வந்ததும் அண்ணன் சொன்னார்: "கச்சாப் பட்டுல ஒரு பசை இருக்கும்மா. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வெச்சு அந்தப் பசையை எடுத்தாத்தான் சாயம் ஏறும், மினுமினுப்பு வரும். அப்புறம் அலசுற தண்ணி நல்ல தண்ணியா இருக்கணும். அதுதான் எங்களுக்கு உசிர். சாயத் தண்ணி கெட்டுப்போனா கண்ணுக்குத் தெரியும், செவப்பா நீலமா ஓடும். சோப்புத் தண்ணி அப்படியில்லே. தெளிய விட்டா நல்ல தண்ணி மாதிரியே இருக்கும். ஆனா உள்ளே இருக்கறது உள்ளேயேதான் இருக்கும்."

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் குடியிருப்புத் தண்ணீரும் அப்படித்தானே! தெளிந்திருக்கிறது என்பதற்கும் உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம்!

புடவை பார்க்க உட்கார்ந்தோம். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று பச்சையிலேயே ஐந்தாறு விரித்தார்கள். பாசிப்பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒன்று. கரையைத் தனியாகக் கோத்து நெய்த கோர்வை வேலை. பெண்ணுக்குப் படம் அனுப்பினேன். "இதுதான் அம்மா!" என்று பதில் வந்தது. அன்றைக்கு எனக்குப் பாசியை விட்டு விமோசனம் இல்லை!

நாத்தனாரின் விளக்கம்

என் நாத்தனார் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அன்று ராத்திரி தோழி வீட்டிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

பாசி வளர மூன்று வேண்டும். வெயில், அசையாத தண்ணீர், சாப்பாடு. சாப்பாடு என்பது நைட்ரஜனும் பாஸ்பரஸும். வயலுக்குப் போடும் உரத்தில் இருப்பதும் இவைதான். நம் உடம்புக் கழிவிலும் சில சோப்புத் தூள்களிலும் இவை உண்டு. சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் அழுக்கையும் வாடையையும் நீக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் பாஸ்பரஸை எடுக்கவென்று தனி ஏற்பாடு இல்லையென்றால் அதில் பெரும்பகுதி தண்ணீரோடேயே வெளியே வந்துவிடும். ஒரு லிட்டரில் சில மில்லிகிராம்தான். ஆனால் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே தேங்கிய குளம் பச்சையாகிவிடும். 1973-ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஒரு ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும், ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் போட்டார். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டதாம்.

"எல்லாப் பாசியும் விஷம் இல்லை. ஸ்பைருலினா மாத்திரைகூட நீலப்பச்சைப் பாசி வகைதான். ஆனால் அதே குடும்பத்தில் மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி சில உண்டு. அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். தோலில் பட்டால் தடிப்பு, கண் எரிச்சல். விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு. பெரியவர்கள் குளித்தால் வாயை மூடிக்கொள்வார்கள். குழந்தைகள் தண்ணீரில் விளையாடும்போது ஒரு வாயாவது விழுங்காமல் இருக்குமா? உடம்பும் சின்னது. அதனால்தான் அவர்களுக்கு ஆபத்து அதிகம்" என்றாள்.

1989-ல் இங்கிலாந்தில் ரட்யார்ட் என்ற ஏரியில் ராணுவப் பயிற்சிக்கு வந்த வாலிபர்கள் பாசி படர்ந்த நீரில் படகு விட்டும் நீந்தியும் பழகினார்கள். அவர்களில் பலருக்கு வாந்தி, தொண்டைப் புண், இரண்டு பேருக்கு நிமோனியாவே வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திடகாத்திரமான பட்டாளத்துப் பிள்ளைகளுக்கே அப்படி!

"கொதிக்க வைத்தால்?" என்றேன். கிருமிதான் சாகுமாம், அந்த நஞ்சு போகாதாம். "குளத்தில் மயில்துத்தம் போட்டால்?" எங்கள் சங்கத்தில் ஒருவர் சொன்ன யோசனை அது. "போட்டால் பாசி சாகும். ஆனால் செல் உடைந்து உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். பச்சை போய்விட்டதே என்று மறுநாளே பிள்ளைகளை இறக்குவீர்கள், அதுதான் பெரிய ஆபத்து!" கோயில் குளங்களில் சில நாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பதற்கும் பாசி ஒரு காரணமாம். பகலில் பிராணவாயுவைக் கொடுக்கும் பாசி ராத்திரியில் அதையே இழுத்துக்கொள்கிறது. மீன் மூச்சுத் திணறிப் போகிறது.

"அப்படியென்றால் சுத்திகரித்த நீரில் குளமே கூடாதா?" என்று கேட்டேன். கூடும் என்றாள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து சாண்டீ என்ற ஊரில் 1961-லேயே கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிகள் அமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார்களாம். ஆனால் எப்படி? நீரை முதலில் மணலும் கூழாங்கல்லுமான ஆற்றுப் படுகை வழியாக ஊடுருவ விட்டு, நோய்க்கிருமிச் சோதனை செய்துகொண்டே படிப்படியாக அனுமதித்தார்கள். இன்றைக்கும் அங்கே படகு உண்டு, மீன்பிடிப்பு உண்டு, ஏரியில் இறங்கி நீந்த மட்டும் அனுமதி இல்லை. நம் பக்கத்தில் பெங்களூரு ஜக்கூர் ஏரிக்கும் சுத்திகரித்த நீர்தான் வருகிறது. அதை நேரே ஏரியில் விடாமல், கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பில் ஓடவிட்டு, அந்தச் செடிகள் உரத்தைத் தின்ற பிறகு ஏரிக்குள் விடும்படி அமைத்தார்கள். சென்னையிலும் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் மேலும் நுணுக்கமாகச் சுத்திகரித்து அந்த நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

"தண்ணீரில் குற்றமில்லை, அண்ணி. எந்தத் தண்ணீரை எந்த வேலைக்கு என்று பார்க்காததுதான் குற்றம்" என்று முடித்தாள்.

மூன்று பாட்டில்கள்

மறுநாள் திரும்பும்போது வேகவதிப் பாலத்தைத் தாண்டினோம். பிரம்மாவின் யாகத்தைக் கலைக்க சரஸ்வதி இந்த நதியாகப் பாய்ந்து வந்தாள் என்றும், பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்றும் தல புராணம். திருவெஃகாவில் இன்றும் அப்படியே சயனித்திருக்கிறார். அவ்வளவு வேகமாய் வந்த நதி இன்று ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு தேங்கிக் கிடக்கிறது. நதியை நிறுத்தப் பெருமாள் வந்தார். சாக்கடையை நிறுத்த நாம்தான் வரவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தோழியின் மண்சட்டி ஞாபகம் வந்தது. ஒரே அளவில் மூன்று கண்ணாடிப் பாட்டில் எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டில் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீர். கையுறை போட்டுக்கொண்டு அலங்காரக் குளத்திலிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் எடுத்து மூன்றிலும் விதை மாதிரி விட்டேன். சுத்திகரித்த நீர் பாட்டில் ஒன்றை மட்டும் கறுப்புத் துணியால் சுற்றினேன். வாயில் மெல்லிய துணி கட்டி, பேரன் கைக்கு எட்டாமல் பால்கனி வெயிலில் வைத்தேன்.

பத்தாம் நாள் பார்த்தால், குழாய்த் தண்ணீர் அநேகமாக அப்படியே இருந்தது. துணி சுற்றியது தெளிவு. வெயில் பட்ட சுத்திகரித்த நீர், என் பெண்ணின் புடவை நிறம்!

மூன்றையும் கூட்டத்துக்கு எடுத்துப் போய் மேஜையில் வைத்தேன். நான் அதிகம் பேசவே இல்லை. "இது மூன்றும் பத்து நாள் முன்பு ஒரே மாதிரி இருந்தது" என்று மட்டும் சொன்னேன். யோசனை சொன்ன தம்பி, பாவம், நல்ல பிள்ளை, பச்சைப் பாட்டிலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலா ஆன்ட்டி குழந்தைகளை விட இருந்தோம்?" என்றார்.

முடிவு இதுதான். சுத்திகரித்த நீர் மரங்களுக்கும் கழிப்பறைத் தொட்டிகளுக்கும் மட்டும். மிஞ்சினால் எதிர்த் தெரு மரங்களுக்கும் கொடுப்பது. அலங்காரக் குளத்தை வடித்து, சேறு எடுத்து, மண் நிரப்பிக் கல்வாழையும் சேம்பும் நட்டுவிடுவது. உரத் தண்ணீரைக் குடித்து அவை நன்றாகவே வளரும். படகு யோசனை, பாஸ்பரஸ் நீக்கும் ஏற்பாடும் முறையான பரிசோதனையும் வருகிற வரை பெட்டிக்குள்!

அம்மாக்கள் கவனத்துக்கு

தண்ணீர் பச்சையாகவோ, ஆடை கட்டியோ, மண்வாடை அடித்தோ இருந்தால் குழந்தையையும் இறக்காதீர்கள், வீட்டு நாயையும் குடிக்க விடாதீர்கள். நீளக் குச்சியால் கிளறினால் நூல் நூலாக வருவது பெரும்பாலும் சாதாரண நூல்பாசி. பெயிண்ட் மாதிரி ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியோ என்று சந்தேகியுங்கள். பார்வையால் மட்டும் நஞ்சு உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் விலகுவதே நல்லது. தெரியாமல் நனைந்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி உடுப்பை மாற்றுங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் டாக்டரிடம் எந்தத் தண்ணீரில் விளையாடியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் குடியிருப்பில் குளமோ நீரூற்றோ இருந்தால், "இது எந்தத் தண்ணீர்?" என்று ஒரு தரம் கேளுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். கோயில் குளத்துக்குப் போனால் பொரி, பூ, எண்ணெய், சோப்பு எதையும் தண்ணீரில் விடாமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் பேரனின் கப்பல்கள் இப்போது மொட்டை மாடியில் துணி அலசும் பெரிய பேசினில் ஓடுகின்றன. தண்ணீர் தினம் புதுசு. விளையாடி முடித்ததும் அவனே அதை மொண்டு துளசிச் செடிக்கு ஊற்றுகிறான். நிச்சயதார்த்தத்தன்று சித்தியின் புடவையைத் தொட்டுப் பார்த்தவன், "பாட்டி, இந்தப் பச்சையைத் தொடலாமா?" என்று கேட்டானே பார்க்கணும்!